அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து உட்காரப் பதினோரு நிமிடம் ஆகும். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தே சொல்கிறேன். என் மனைவி பட்டனை அமுக்கிவிட்டுச் சமையலறைக்குப் போவாள். அரிசி களைந்து குக்கரில் வைத்து, மூன்று விசில் விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். "எழுந்திருப்பா ராசா, ஆபீஸ் போகணும்" என்பாள் அதனிடம். எங்கள் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிய அதே குரல்.

ஆபீஸ் என்று அவள் சொன்னது அந்த அறையைத்தான். எங்கள் வீடு பெங்களூர் தொம்மலூரில், பழைய ஊருக்குள் இருக்கிறது. மாடிக்குப் போனால் நாலு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும், கீழே எங்கள் தெருவில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டும். மகள் கல்யாணமாகிப் போனபின் அவள் படித்த அறை காலியாக இருந்தது. நான் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். அதே வருடம் என் மனைவிக்கு வேலை கிடைத்தது. ஆக, நான் வீட்டில் உட்கார்ந்த நேரம் பார்த்து அவள் ஆபீஸ் போக ஆரம்பித்தாள், அதுவும் வீட்டுக்குள்ளேயே.

வேலை இதுதான். நோயாளிகளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி தருகிற ஒரு நிறுவனம். பாடமெல்லாம் கன்னடத்தில் வீடியோவாக இருக்கும். அதைக் கேட்டு, கீழே ஓடும் வரிகளைத் தமிழில் எழுதித் தர வேண்டும். தமிழர்கள் அதிகமுள்ள நீலசந்திரா மாதிரி இடங்களிலிருந்து இந்த வேலைக்கு வரும் பெண்கள் பலருக்குக் கடையில் பேசுகிற கன்னடம் தெரியும், பாடம் நடத்துகிற கன்னடம் காதில் ஏறாது. என் மனைவிக்கு இரண்டு மொழியும் ஒரே மாதிரி வரும். பரீட்சை வைத்துத்தான் எடுத்தார்கள்.

நீல நாடாவில் கோத்த அடையாள அட்டை ஒன்று தபாலில் வந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு இது எதற்கு என்று கேட்டேன். அவள் அதை முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். காலையில் தலை வாரிக்கொண்டு, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எட்டடி நடந்து அந்த அறைக்குப் போவாள். மாலையில் கழற்றி அதே ஆணியில் மாட்டுவாள். நான் பார்ப்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். அதற்குள் இரண்டு முறை பாடங்கள் தாமதமாகப் போயிருந்தன, இந்தக் கம்ப்யூட்டர் செய்த திருவிளையாடலால். மூன்றாவது தடவையும் இப்படி ஆனால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று அவளுடைய மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். அன்று மதியம் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஸ்கூல்ல கன்னடம் சொல்லிக் குடுத்தேன். அப்புறம் இருபத்தாறு வருஷம் யாரும் என்னை வேலைக்கு வான்னு கூப்பிடல. இது போச்சுன்னா அவ்ளோதாங்க. இன்னொருத்தர் கூப்பிட மாட்டாங்க."

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் விசாரித்தேன். உள்ளே இருப்பது பழைய ஹார்டு டிஸ்க், தட்டு சுற்ற வேண்டும், முள் தேட வேண்டும், அதுதான் இத்தனை நேரம் என்றார் கடைக்காரர். எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க்கைப் போட்டால் சுற்றுவதற்கு எதுவும் கிடையாது, தட்டினால் திறக்கும் என்றார். சுற்றாத மெஷினை நான் வாழ்க்கையில் நம்பியதில்லை. ஆனாலும் வாங்கினேன். சீட்டுக்கட்டைவிடச் சின்னது, கையில் வைத்தால் கனமே இல்லை. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள், பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே இதற்கு மாற்றித் தருகிறோம் என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருடம் மெஷின்களோடு குப்பை கொட்டியவன், இதற்கு ஆள் வைப்பதா? வீட்டுக்கு வந்து மூன்று நாள் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். எல்லாம் புரிந்தது. புரிந்த மாதிரி இருந்தது என்று இப்போது சொல்லலாம்.

எந்த நாளில் செய்வது என்று பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை ஆயுதபூஜை. அவள் ஆபீஸுக்கு மூன்று நாள் விடுமுறை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இருபது பாடம் கொண்ட ஒரு கட்டு போய்ச் சேர வேண்டும். துண்டு துண்டாக அனுப்பக் கூடாது, மொத்தமாகச் சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் முறை. பதினெட்டு முடித்திருந்தாள், மூன்று வார உழைப்பு. மீதி இரண்டைச் சனிக்கிழமை முடிக்கலாம் என்றிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை நீ எப்படியும் அதைத் தொட மாட்ட. நல்ல நாளும் அதுவுமா புது டிஸ்க்கைப் போட்டுடலாம். சனிக்கிழமை நீ உக்காரும்போது பறக்கும் பாரு" என்றேன்.

"பூஜை அன்னைக்கு அதை ஓட விடலாமா?"

"ஓடறது நீயும் இல்ல, நானும் இல்ல. சாஃப்ட்வேர் ஓடுது."

"வேற யாரும் இதைத் தொடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"நான் வேற யாரா?" என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு உட்கார்ந்தேன். பழைய டிஸ்க் பெரியது, புதியது அதில் பாதி. பெரிய பெட்டியில் பரவிக் கிடக்கிற துணியைச் சின்னப் பெட்டிக்கு மாற்ற வேண்டுமானால், முதலில் பெரிய பெட்டியிலேயே எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். இந்த ஒதுக்குகிற வேலைதான் ஆபத்தானது. நடுவில் மின்சாரம் போனால் பாதி அங்கே, பாதி இங்கே, எது எங்கே இருக்கிறது என்ற விவரம் எங்குமே இல்லை என்றாகிவிடும். ஒதுக்கி முடித்துவிட்டால் அப்புறம் புதிய டிஸ்க்குக்கு நகல் எடுப்பது சுலபம். இதெல்லாம் என் நோட்டில் இருந்தது, சிவப்புப் பேனாவில் அடிக்கோடு போட்டு.

நான் பொத்தானை அமுக்கப் போகும் நேரத்தில் அவள் கையில் பென் டிரைவோடு வந்து நின்றாள்.

"ஏங்க, பதினெட்டுப் பாடத்தையும் இதுல ஒருதடவை போட்டுக் குடுத்துடுங்க. அப்புறம் ஆரம்பிங்க."

"நகல் எடுக்கறதுக்கே ஒரு நகலா? நான் என்ன பண்றேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் கேக்கறேன்."

"இதோ பாரு. இன்னைக்கு முழுக்க இந்த வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது நீ. கவனம் சிதறிச்சுன்னா தப்பாயிடும். வாயைத் தொறக்காதே, நான் பாத்துக்கறேன்."

சொல்லிக்கொண்டே அமுக்கிவிட்டேன். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்து, கறுப்புத் திரையில் சதவீதம் காட்ட ஆரம்பித்தது. முடியும்வரை அணைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவள் பென் டிரைவை முந்தானை நுனியில் முடிந்துகொண்டு போனாள்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. தொழிற்சாலையில் மெஷினுக்குள் ஆள் இறங்கியிருக்கும்போது சுவிட்சில் ஒரு சிவப்புத் தகடு மாட்டுவோம். வேலை நடக்கிறது, தொடாதே என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும். ஓய்வு பெற்ற நாளில் பழைய தகடு ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்து வந்திருந்தேன். அதைக் கம்ப்யூட்டரின் பிளக்கில் மாட்டினேன். கம்ப்யூட்டர் இன்வர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். தெருவில் கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் தாங்கும். ஒரு ஃபோர்மேன் யோசிக்க வேண்டிய எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக எனக்குத் திருப்தி.

அப்புறம் பூஜை வேலை. ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினேன். மிக்சி, கிரைண்டர், அரிவாள்மனை, தையல் மெஷின், என் டூல் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். என் விரலெல்லாம் சந்தனம். அவள் பொரி, கடலை, வெல்லம் கலந்து தட்டில் வைத்தாள். கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைக்கலாம் என்று குங்குமச் சிமிழோடு போனவளை, உள்ளே போகாதே என்று தடுத்தேன். வாசலிலேயே நின்று நிலைப்படியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தாள். தீபாராதனைக்கு முன்னால் நான் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். அறுபத்திரண்டு சதவீதம்.

தொழிற்சாலையில் ஆயுதபூஜை எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். முதல் நாளே மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிடுவார்கள். மறுநாள் எல்லோரும் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். மெஷின் ஒவ்வொன்றுக்கும் மாலை. கற்பூரம் ஏற்றுமுன் ஷெட்டின் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், ஜெனரேட்டரையும் நிறுத்த வேண்டும். அந்த வேலை மெயின்டனன்ஸ் ஃபோர்மேனுடையது. மணி அடித்ததும் முதலில் மெயின், பிறகு ஜெனரேட்டர். உடனே ஷெட் முழுக்க ஒரு அமைதி இறங்கும். வருடத்தில் மற்ற எந்த நாளும் கேட்காத அமைதி. தலைக்கு மேலே தகரக் கூரையில் புறா நடப்பது கேட்கும். அதை அனுபவிப்பதற்காகவே நான் ஒரு ஆயுதபூஜைக்கும் லீவு போட்டதில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குச் சாமியைவிட அந்த அமைதிதான் முக்கியம்.

அன்று வீட்டிலும் பூஜை நன்றாகவே நடந்தது. அவள் மணி அடித்தாள், நான் கற்பூரம் காட்டினேன். பூசணிக்காயைக் கேட்டுக்கு வெளியே உடைத்தேன். எலுமிச்சம்பழத்தின் மேல் ஸ்கூட்டரை ஏற்றி இறக்கினேன். திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து பொரி சாப்பிட்டோம். வீடு அத்தனை அமைதியாக இருந்தது. தூரத்தில் யார் வீட்டிலோ மேளம் அடிப்பது மட்டும் கேட்டது. "எவ்ளோ நிம்மதியா இருக்கு பாரு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கை கழுவினேன், விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டேன், அறைக்குள் போனேன். திரை இருட்டாக இருந்தது. வேலை முடிந்துவிட்டது போல என்று சந்தோஷமாகப் பட்டனை அமுக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி வந்தது. எதை வைத்து நான் எழுந்திருப்பது, எதுவும் காணோமே என்பதுதான் அதன் சாரம். மூன்று தடவை அணைத்துப் போட்டேன், மூன்று தடவையும் அதே வரி.

"கரண்ட் போயிருக்கு!" என்று கத்தினேன்.

அவள் ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"தெருவுல எங்கயும் போகலையே. எதிர் வீட்ல லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துது. போனாலும் இன்வர்ட்டர் இருக்கு இல்ல?"

"அப்ப நீதான். குங்குமம் வைக்கறேன்னு உள்ள வந்து எதையாவது தட்டி விட்டிருப்ப."

"நான் வாசப்படி தாண்டல."

"அப்படின்னா இன்வர்ட்டர்ல கோளாறு. இப்ப காட்டறேன் பாரு" என்று வாசல் பக்கம் போனேன். மீட்டர் பலகையும் இன்வர்ட்டரும் அங்கேதான் இருக்கின்றன. இன்வர்ட்டர் சுவிட்சைத் தொடக் கை நீட்டினேன், அப்படியே நின்றுவிட்டேன். சுவிட்சின் மேல் சந்தனம், கட்டைவிரல் அகலத்துக்கு. மேலே பார்த்தேன். மெயின் சுவிட்சின் கைப்பிடியிலும் அதே சந்தனம், இன்னும் முழுசாக உலரவில்லை. அவள் விரல் மெலிசு. அந்த அகலத்துக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு கட்டைவிரல்தான் உண்டு.

மணி அடித்தாள், நான் இறக்கியிருக்கிறேன். முதலில் மெயின், பிறகு இன்வர்ட்டர். இருபத்தெட்டு வருடம் செய்த வரிசை, ஒன்றுகூடப் பிசகவில்லை. பொரி தின்று முடித்ததும் பழையபடி ஏற்றியும் விட்டிருக்கிறேன். ஃபேன் போடும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சிவப்புத் தகடு மாட்ட வேண்டிய இடம் அந்தக் கைப்பிடி. நான் மாட்டியது பிளக்கில்.

பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கதான் இறக்கினீங்க. நான் பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"வாயைத் தொறக்காதேன்னு சொன்னீங்களே."

"அதுக்காக?"

"மெஷின் விஷயம். உங்களுக்குத் தெரியாமலா இறக்குவீங்கன்னு நினைச்சேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், "நீயாவது ஒரு சத்தம் போட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

மறுநாள் விஜயதசமி. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடை திறந்திருந்தது. கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். கடைக்காரருக்கு வீட்டில் உருது, கடையில் எல்லா மொழியும். டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"க்யா சார், நடுவுல ஆஃப் பண்ணிட்டீங்களே. பூரா கலைஞ்சு கிடக்கு. யார் பண்ணாங்க?"

"கரண்ட் போச்சு" என்றேன்.

என் மனைவி தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலைவரை அங்கேயே இருந்தோம். கிடைத்ததை எடுத்துக் கொடுத்தார். என் பென்ஷன் படிவங்கள் அத்தனையும் பத்திரமாக வந்தன. ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் வந்தது. நான் சேர்த்து வைத்திருந்த மெஷின் மேனுவல்கள் ஒன்று விடாமல் வந்தன. பதினெட்டுப் பாடத்தில் ஒன்றுகூட வரவில்லை. பெயர்கள் மட்டும் வந்தன. திறந்தால் உள்ளே கட்டம் கட்டமாகக் குப்பை. அவள் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பதினெட்டாவதையும் பார்த்துவிட்டு, "சரிங்க பாய், போதும்" என்றாள். பழையதிலிருந்து மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் புதிய டிஸ்க்கில் எல்லாவற்றையும் புதிதாகவே போட்டுக் கொடுத்தார். இப்போது கம்ப்யூட்டர் எழுந்திருக்கப் பன்னிரண்டு நொடி. வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன், பழக்கம் விடவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேலதிகாரிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கன்னடத்தில்தான் பேச்சு. பாடங்கள் அழிந்துவிட்டன என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். எப்படி என்று அந்தப் பக்கம் கேட்டது. வேறு யாராவது மெஷினைத் தொட்டார்களா என்றும் கேட்டது.

"இல்ல மேடம். யாரும் தொடல. பூஜைக்கு நான்தான் மெயினை ஆஃப் பண்ணிட்டேன். நந்தே தப்பு, மேடம்."

என் தப்புதான் என்று சொல்கிறாள். நான் உள்ளே போகக் காலை எடுத்து வைத்தேன். அவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். புரிந்தது. புருஷன் செய்தான் என்று சொன்னால், கையெழுத்துப் போட்ட காகிதத்தை மீறியதாகிவிடும், வேலை அங்கேயே போகும். அவள் கவனக்குறைவாக இருந்தாள் என்றால் ஒருவேளை பிழைக்கலாம். எனக்காகப் பொய் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்காகச் சொன்னாள். ஆனால் அதில் மறைந்தது நான்.

பிறகு பத்து நாள் கொடுத்தார்கள். இது கடைசி என்றார்கள்.

அந்தப் பத்து நாளும் நான் சமைத்தேன். என் சாம்பாரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. உதவிக்கு உட்காரட்டுமா என்று முதல் நாள் கேட்டேன். "நீங்க அந்தப் பக்கம் இருங்க, அதுவே உதவி" என்றாள். கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது உள்ளேயிருந்து பாடம் கேட்கும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். கன்னடத்தில் ஒரு தரம், நிறுத்தம், மறுபடி அதே வரி, மறுபடி நிறுத்தம், விசைகளின் சத்தம். முன்பு ஒரு தடவை எழுதிய வரி. நல்ல சொல் தேடித் தேடி எழுதியிருப்பாள். இரண்டாவது தடவை அதே சொல் வந்ததோ என்னமோ, நான் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் இருபது பாடத்தையும் அனுப்பிவிட்டு வந்து, தரையில் பாயில்லாமல் படுத்துத் தூங்கினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால், "பூஜை அன்னிக்குக் கரண்ட் போயி ஒரே பேஜாராயிடுச்சு" என்பேன். அவள் காபி ஆற்றிக்கொண்டிருப்பாள். திருத்த மாட்டாள். நாள் போகப் போக எனக்கே கரண்ட் போனது மாதிரிதான் ஞாபகம் இருந்தது, உண்மையாகவே.

இரண்டு மாதம் கழித்து நிரந்தரம் செய்த கடிதம் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, வாசலிலேயே பிரித்துப் படித்தாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை, சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"சத்தமா படிங்க. நான் கேக்கணும்."

ஆங்கிலத்தில் இருந்தது. கூடத்தில் நின்றுகொண்டே படித்தேன், படிக்கப் படிக்கத் தமிழில் சொன்னேன். உங்கள் பணி திருப்தியாக இருந்தது. உங்கள் மொழித்திறன் மிக நன்று. இன்ன தேதி முதல் நீங்கள் நிரந்தரப் பணியாளர். அடியில், குறிப்பு என்று போட்டு இன்னும் ஒரு வரி. அதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிக் கடிதத்தை மடிக்கப் போனேன்.

"அதையும் படிங்க" என்றாள்.

அந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் என் கீழே வேலை பார்த்தவர்களைப் பற்றி ரகசிய அறிக்கை எழுதும்போது நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். எழுத அரை நிமிடம் ஆகாது. எழுதப்பட்டவன் வேலையை விட்டுப் போகும்வரை அது அவன் ஃபைலில் இருக்கும். ஒரு ஃபிட்டர் என் மேஜைக்கு முன்னால் நின்று, "நான் இல்ல சார் அது" என்று சொன்னதும், நான் பேனாவை மூடியதும் ஞாபகத்துக்கு வந்தது.

படித்தேன். "கருவிகளைக் கையாள்வதில் கவனக்குறைவு உள்ளவர். கூடுதல் எச்சரிக்கை தேவை."

"யாரு அது?" என்று கேட்டாள்.

வெட்கமாக இருந்தது, வேறு பெயர் அதற்கு இல்லை.

"நான்தான். மெயினை இறக்கினது நான்தான்."

"கரண்ட் போகலையா?"

"போகல."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்தக் கடைசி வரியை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

"இதை அவங்க அழிக்க மாட்டாங்க. நான் இருக்கற வரைக்கும் இது என் பேர்லதான் இருக்கும். இருக்கட்டும். ஆனா, வீட்லயாவது அது உங்க பேர்ல இருக்கணும், இல்லையா?" என்றாள்.

பிறகு கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியிலிருந்து அட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எட்டடி நடந்து ஆபீஸுக்குப் போனாள்.